பைப் பதிக்கப் பள்ளத்தில் இறங்கும் முன்: எல்லை தாண்டி வேலை எடுப்பவர்களுக்கு

களியக்காவிளையில் பஸ் இறங்கி இஞ்சிவிளைப் பக்கம் நடந்தால், தமிழ்நாடு எங்கே முடிந்தது என்று மண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. இன்சூரன்ஸ் தாளைப் பார்த்தால் சொல்லலாம்.

எனக்கு அது தெரிந்தது ஒரு ஐப்பசித் துலா மழைக் காலத்தில். சாக்கடைக் குழாய் பதிக்கத் தோண்டிய ஆறடிப் பள்ளத்தின் ஒரு பக்கம் சரிந்து, எங்கள் கையாள் பையன் இடுப்புவரை மண்ணுக்குள் போனான். உயிர் தப்பினான், தொடை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரிக்குக் கட்டிய பணத்தைத் திரும்ப வாங்க நாகர்கோவிலுக்கும் நெய்யாற்றின்கரைக்குமாக ஏழு மாதம் அலைந்தேன். காரணம், பாலிசியில் 'வேலை நடக்கும் இடம்' என்ற கட்டத்தில் கன்னியாகுமரி மாவட்டம் என்று மட்டும் இருந்தது. பள்ளம் இருந்ததோ எல்லைக்கு அந்தப் பக்கம், சில கிலோமீட்டர் தள்ளி.

குமரி, தென்காசிப் பக்கமிருந்து ஆள் கூட்டிக்கொண்டு கேரளத்தில் குழாய் பதிக்கும் வேலையைப் புதிதாக எடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்த ஆட்களில் ஒருவராகப் போகிறீர்கள் என்றாலும் படியுங்கள். மேஸ்திரியிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரியும்.

1. வொர்க் ஆர்டரில் ஆழம் இருக்கிறதா?

நாம் பெரும்பாலும் மூன்றாவது கை. அரசுத் துறை ஒருவருக்குக் கொடுக்கும், அவர் இன்னொருவருக்குக் கொடுப்பார், அவர் நம்மிடம் போனில் "மீட்டருக்கு இவ்வளவு, நாளைக்கு ஆளோட வந்துரு" என்பார். போகாதீர்கள். ஒரே ஒரு பக்கத்தில் எழுதி வாங்குங்கள்: ஊர், பஞ்சாயத்து, மாநிலம், குழாயின் அளவு, பள்ளத்தின் குறைந்த ஆழம், கூடிய ஆழம், முட்டுச் சாமான் (பள்ளத்தின் சுவர் சரியாமல் தாங்கும் ஷீட், பலகை, முறுக்கி இறுக்கும் இரும்பு ஜாக்கி) யார் பொறுப்பு, தண்ணீர் இறைப்பது யார் செலவு, சாலை வெட்டும் அனுமதி யார் பெயரில் இருக்கிறது.

ஆழம்தான் இதில் முக்கியம். நாலடிப் பள்ளமும் எட்டடிப் பள்ளமும் ஒரே ரேட்டில் பேசப்பட்டால், எட்டடியில் மிச்சம் பிடிக்க ஒரே வழி முட்டுக் கொடுக்காமல் விடுவதுதான். நான் பார்த்த சரிவுகளில் பாதி, ரேட் பேசிய அன்றைக்கே தொடங்கிவிட்டவை.

அரசு டெண்டர் பத்திரங்களின் பின்பகுதியில் தொழிலாளர் பாதுகாப்பு விதிகள் என்று சில பக்கங்கள் இருக்கும். அதன் நகலையும் கேட்டு வாங்குங்கள். "முட்டெல்லாம் எதுக்கு" என்று மேலே உள்ளவர் சொல்லும்போது, அவர் கையெழுத்துப் போட்ட பக்கத்தையே காட்டலாம்.

சாலை அனுமதியில் ஒரு பொறி உண்டு. தேசிய நெடுஞ்சாலை 66 ஓரம் என்றால் ஒரு அலுவலகம், மாநிலப் பொதுப்பணித் துறைச் சாலை என்றால் வேறு, உள்ளூர்ச் சாலை என்றால் பஞ்சாயத்தோ நகராட்சியோ. ஒரே குழாய் வரிசை இருநூறு மீட்டருக்குள் மூன்றையும் தாண்டும். "பெர்மிஷன் இருக்கு" என்றால் எதற்கு என்று கேளுங்கள். அனுமதி நகல் பள்ளத்தின் அருகிலேயே, பிளாஸ்டிக் உறையில் இருக்கட்டும். எனக்கு ஒரு முறை இந்த ஒரு தாளுக்காக மூன்று வாரம் ஆனது. ஆட்களைக் கூட்டிப்போய் அங்கே வைத்துக்கொண்டு காத்திருந்தால் சாப்பாட்டுச் செலவு நம் தலையில்.

2. ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் கவர்

ஒவ்வொரு ஆளுக்கும் தனிக் கவர் போடுங்கள். உள்ளே இருக்க வேண்டியவை:

ஆதார் நகல், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், இரண்டு புகைப்படம், வாரிசின் பெயரும் போன் எண்ணும், ரத்த வகை, தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை, இ-ஷ்ரம் (மத்திய அரசின் அமைப்புசாராத் தொழிலாளர் பதிவு) அட்டை. இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருந்தால் அந்த எண்.

இதில் எல்லாரும் மாட்டுவது பெயரில்தான். ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கும், பாஸ்புக்கில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் இருக்கும், வாரிய அட்டையில் டைப் அடித்தவர் தன் விருப்பத்துக்கு ஒரு எழுத்தை மாற்றியிருப்பார். விபத்து நடந்தபின் இந்த மூன்று பேரும் ஒரே ஆள் என்று நிரூபிக்க நோட்டரி வரை போக வேண்டியிருக்கும். வேலை தொடங்கும் முன்பே ஆதாரை வைத்து மற்றதைத் திருத்திவிடுங்கள்.

நல வாரியத்தில் 18 முதல் 60 வயதுவரை சேரலாம். கட்டுமான வேலை பார்த்ததற்கான சான்று கேட்பார்கள். ஊர் திரும்பியபின் வாங்கிக்கொள்ளலாம் என்று ஆட்கள் விட்டுவிடுவார்கள். வேலை கொடுத்தவர் நீங்கள் என்றால், வேலை முடிந்த அன்றே எழுதிக் கொடுங்கள்.

கேரளத்தில் தங்கி வேலை பார்ப்பவர்களை அங்கே 'அதிதி தொழிலாளி', அதாவது விருந்தாளித் தொழிலாளி என்பார்கள். அதற்கென்று பதிவு இருக்கிறது, 'ஆவாஸ்' என்ற காப்பீட்டுத் திட்டமும் 2017 முதல் இருக்கிறது. தமிழ்நாட்டுக்காரர்கள் பலர் "அது வங்காளிகளுக்கு" என்று நினைத்துக்கொண்டு பதிவதில்லை. வேறு மாநிலத்திலிருந்து வந்தவர் எல்லாருக்கும்தான் அது.

இன்னொன்று. 2025 நவம்பர் 21 முதல் பழைய தொழிலாளர் சட்டங்களின் இடத்தில் நான்கு தொகுப்புச் சட்டங்கள் வந்திருக்கின்றன. படிவங்களின் பெயரும் எண்ணும் மாறும். ஜெராக்ஸ் கடையில் கட்டுக்கட்டாகக் கிடக்கும் பழைய படிவத்தை நிரப்பிக்கொண்டு போய் நிற்காதீர்கள். தொழிலாளர் அலுவலகத்தில் கேட்டுவிட்டு நிரப்புங்கள்.

3. இன்சூரன்ஸ்: நான்கு கட்டங்களைப் படியுங்கள்

தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி ஒரே நாளில் கிடைத்துவிடும். ஏஜெண்ட் வீட்டுக்கே கொண்டுவருவார். அதனால்தான் யாரும் படிப்பதில்லை. படிக்க வேண்டியது நான்கே கட்டங்கள்.

இடம். இரண்டு மாநிலத்திலும் வேலை இருந்தால் இரண்டு மாவட்டமும் எழுதப்பட வேண்டும். என் கதையைத்தான் மேலே சொன்னேனே.

வேலையின் தன்மை. 'கட்டட வேலை' என்று பொதுவாகப் போட்டால் பிரீமியம் குறையும் என்று ஏஜெண்ட் சொல்வார். பள்ளம் தோண்டிக் குழாய் பதிப்பது என்று தெளிவாக, ஆழத்தோடு எழுதச் சொல்லுங்கள்.

ஆட்களின் எண்ணிக்கை. ஆறு பேர் என்று எழுதிவிட்டு ஒன்பது பேரை இறக்கினால், விபத்தில் சிக்கியவன் அந்த ஆறில் ஒருவனா என்பதுதான் முதல் கேள்வியாக வரும்.

கூலி. மாதக் கூலியைக் குறைத்துக் காட்டுவது பழைய தந்திரம். இழப்பீட்டுக் கணக்கைப் பாருங்கள்: வேலையில் இறந்தால் மாதக் கூலியில் பாதியை, வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்குவார்கள். கணக்குக்கு எடுக்கும் கூலியின் உச்சவரம்பு 2020 ஜனவரி முதல் 15,000 ரூபாய். 30 வயது ஆளுக்கு அந்த எண் 207.98. ஆக 7,500 × 207.98 = 15,59,850 ரூபாய். நீங்கள் கூலி 8,000 என்று எழுதியிருந்தால் கம்பெனி அந்தக் கணக்கில் தரும், மிச்சத்தை நீங்கள் தர வேண்டும். பிரீமியத்தில் மிச்சம் பிடித்த சில ஆயிரத்துக்காக வீட்டை விற்பதா?

இதுபோக, ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சத்துக்கான பிரதமர் சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீடு வங்கிக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு மே மாதக் கடைசியிலும் கணக்கில் பணம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அது அறுந்துவிடும், யாரும் போன் செய்து சொல்ல மாட்டார்கள்.

4. பாதுகாப்புச் செலவைத் தனி வரியாகப் போடுங்கள்

மீட்டர் ரேட்டுக்குள் அடக்காதீர்கள். அடக்கினால் பேரம் பேசும்போது முதலில் கரைவது அதுதான்.

ஹெல்மெட், கம்பூட்ஸ், கையுறை, ஒளிரும் சட்டை எல்லாம் சேர்த்து ஒரு ஆளுக்கு ஆயிரம் ரூபாய் சுற்றி வரும். முட்டுக்கு நான் கடைசியாகப் போட்ட கணக்கு இது: ஒரே நேரத்தில் 12 மீட்டர் திறந்த பள்ளம், இரு பக்கமும் ஷீட், இரண்டு வரிசையில் 18 ஜாக்கி, வாடகை நாளொன்றுக்கு 500 ரூபாய் சுற்றி, கட்டிப் பிரிக்க ஒரு ஆள் கூலி கூடுதல். குழாய் பதித்து மண் மூடிய இடத்திலிருந்து கழற்றி அடுத்த பகுதிக்கு நகர்த்துவதால் மொத்த நீளத்துக்கும் வாங்க வேண்டியதில்லை. இதைச் சொன்னால் மேலே உள்ள ஒப்பந்ததாரர்களும் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். 'முட்டு' என்றதும் ஏதோ லட்சக் கணக்கு என்று பயந்துதான் அவர்கள் மறுப்பது.

5. நாள் பார்த்து இறங்குங்கள்

குமரிக்கும் தென் கேரளத்துக்கும் இரண்டு மழை. ஜூனில் இடவப்பாதி, ஐப்பசி கார்த்திகையில் துலா மழை. ஆழமான பகுதிகளை மார்கழிக் கடைசியிலிருந்து மாசி பங்குனிக்குள் முடிப்பதுபோலத் திட்டமிடுங்கள். நிலத்தடி நீர் இறங்கியிருக்கும், இறைக்கும் டீசலும் மிச்சம்.

வெயில் காலத்தில் கேரளத் தொழிலாளர் துறை, திறந்த வெளியில் வேலை செய்பவர்களுக்குப் பகல் 12 முதல் 3 வரை ஓய்வு என்று ஆண்டுதோறும் உத்தரவு போடும். அதற்கேற்பக் காலை 7 மணிக்குத் தொடங்குங்கள். சோதனைக்கு வருவார்கள்.

மழை பெய்து விட்ட மறுநாள் காலையில் யாரும் உடனே இறங்க வேண்டாம். மேலே நின்று பார்த்தபின் இறங்கலாம். பாம்புக்கும் இதே பழக்கம் உதவும். இரவில் பள்ளத்தில் விழுந்த சுருட்டைப் பாம்பு விடியும்போது குழாய்க்கு அடியில்தான் சுருண்டு கிடக்கும்.

6. கீழே என்ன ஓடுகிறது?

குடிநீர்க் குழாய், மின் கேபிள், தொலைபேசிக் கேபிள் எதுவும் வரைபடத்தில் காட்டிய இடத்தில் இருப்பதில்லை. 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற செயலி 2023 மார்ச்சில் வந்தது. தோண்டும் இடத்தைப் பதிந்தால் அந்தந்த நிறுவனங்களுக்குத் தகவல் போகும். பதிந்துவிட்டு, அதோடு நிற்காமல் உள்ளூர் மின்வாரிய லைன்மேனையும் தண்ணீர் திறந்துவிடுபவரையும் நேரில் கூப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். அவர்களுக்குத்தான் தெரியும். ஒரு டீ செலவு.

பிறகு குறுக்காக ஒரு சோதனைக் குழி, மம்மட்டியால். கடப்பாரையைப் போடாதீர்கள். கேபிளுக்கு மேல் பதித்த செங்கல் வரிசையோ மஞ்சள் நாடாவோ தெரிந்தால் அங்கே ஜேசிபி வாளி இறங்கக் கூடாது.

7. பள்ளம்

இந்த நாட்டுச் செம்மண் ஏமாற்றும். வெட்டுக்கல் சேர்ந்த மண், காய்ந்திருக்கும்போது பத்தடி ஆழத்துக்குச் சுவர்போலச் செங்குத்தாக நிற்கும். கிணறு வெட்டிப் பழகிய பெரியவர்கள் "இந்த மண்ணுக்கு முட்டு வேண்டாம் மக்கா" என்பார்கள். அவர்கள் பார்த்தது வட்டக் கிணறு. நீளப் பள்ளத்தின் சுவருக்கு அந்தப் பிடிமானம் இல்லை. வெட்டுக்கல்லுக்குக் கீழே வெள்ளையும் மஞ்சளுமாக, கையில் எடுத்தால் சோப்புபோல வழுக்கும் ஒரு களிமண் அடுக்கு வரும். தண்ணீர் அந்த அடுக்கில் வந்து நின்றதும் மேலே உள்ள மொத்தப் பாளமும் அதன்மேல் வழுக்கி இறங்கும். எங்களுக்கு நடந்தது அதுதான். மண் உதிர்ந்து விழவில்லை. ஒரு அலமாரி சாய்வதுபோலச் சாய்ந்தது.

ஒரு கன மீட்டர் ஈர மண் ஏறக்குறைய 1.8 டன். இரண்டு சின்னக் காரின் எடை. தலை வெளியே இருந்தாலும் நெஞ்சுவரை மூடிவிட்டால் மூச்சை விட்டபின் திரும்ப இழுக்க முடியாது.

டெண்டர் பாதுகாப்பு விதிகளின் சாரம் இதுதான், மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்:

1.2 மீட்டர் ஆழம் வந்தாலே ஏணி வேண்டும். 30 மீட்டருக்கு ஒன்று, அடியிலிருந்து தொடங்கித் தரைக்கு மேல் 90 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டு. நான் 15 மீட்டருக்கு ஒன்று வைக்கிறேன். மண் சரியும்போது பதினைந்து மீட்டர் யாரால் ஓட முடியும்?

1.5 மீட்டர் வந்தால் பக்கங்களைப் படிப்படியாக வெட்டிச் சரிவு கொடுக்க வேண்டும், அல்லது பலகை நிறுத்தி முட்டு கொடுக்க வேண்டும். பஞ்சாயத்துச் சாலையின் அகலத்தில் சரிவு கொடுக்க இடம் கிடைக்காது. ஆகவே முட்டுதான். தோண்டும் வேலைக்கான இந்தியத் தரக் குறியீடு ஐஎஸ் 3764-இல் இதைப் பற்றி விரிவாக இருக்கிறது.

தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து 1.5 மீட்டர், அல்லது ஆழத்தில் பாதி, எது அதிகமோ அவ்வளவு தள்ளிக் கொட்ட வேண்டும். நம் ஆட்கள் மூட வசதியாக இருக்கும் என்று விளிம்பிலேயே குவிப்பார்கள். அந்தக் குவியல்தான் சுவரைத் தள்ளுகிறது. ஜேசிபியும் குழாய் லாரியும் அதே கணக்கில் தள்ளி நிற்கட்டும். அடியில் குடைந்து எடுப்பது எந்த ஆழத்திலும் கூடாது.

முட்டு போடும் முறை: மேல் வரிசை முதலில், பிறகு கீழ் வரிசை. மேல் ஜாக்கியை மேலே நின்றபடியே இறக்கி முறுக்க வேண்டும். அதைப் போடுவதற்காக முட்டில்லாத பள்ளத்தில் ஒருவன் இறங்கினால் முட்டு போட்டு என்ன பயன்? கழற்றும்போது தலைகீழ்: கீழே மண் மூடி, இறுக்கி, கீழ் வரிசையை எடுத்து, மேலே வாருங்கள். முட்டின்மேல் கால் வைத்து ஏறக் கூடாது, சாந்துச் சட்டியை அதன்மேல் வைக்கவும் கூடாது.

முட்டுக்கு ரப்பர் தடி வேண்டவே வேண்டாம். இந்தப் பக்கம் விலை குறைவாகக் கிடைக்கும், நேராகவும் இருக்கும். பச்சையாக வெட்டிப் போட்ட சில வாரத்தில் பூஞ்சையும் வண்டும் உள்ளே தின்றிருக்கும், வெளியே தெரியாது. கமுகந்தடி நீளவாக்கில் பிளக்கும். இரும்பு ஜாக்கி வாடகைக்குக் கிடைக்கும்போது இந்தச் சிக்கனம் தேவையில்லை.

பள்ளம் சரிவதற்கு முன் சொல்லிவிட்டுத்தான் சரியும். விளிம்புக்கு இணையாக, ஓரிரு அடி தள்ளி, மயிர்க்கோடு போல ஒரு வெடிப்பு விழும். நான் அதில் ஈரக் களிமண்ணை விரலால் தடவி மூடி, தென்னை ஈர்க்கு ஒன்றைச் செருகி வைப்பேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் களிமண் பிளந்திருக்கிறதா, ஈர்க்கு உள்ளே நழுவியிருக்கிறதா என்று தெரியும். இரண்டில் எது நடந்திருந்தாலும் ஆட்களை ஏற்றிவிட வேண்டும். சுவரிலிருந்து சின்னக் கற்கள் விட்டுவிட்டு உதிர்வது, அடிப்பக்கம் உப்புவது, காலையில் இறுக்கிய ஜாக்கி மதியம் தளர்ந்திருப்பது, சுவரில் ஊற்று எடுப்பது எல்லாம் அதே பேச்சுத்தான். அன்று எங்கள் பையன் "அண்ணே, கீழ ஊத்து எடுக்குது" என்று சொன்னான். "இந்த ஒரு பைப்ப வச்சுட்டு ஏறு" என்றேன். அந்த ஒரு குழாய் கடைசிவரை வைக்கப்படவில்லை.

ஆகவே ஒரு ஏற்பாடு: மேலே ஒரு ஆள், அவருக்கு விளிம்பைப் பார்ப்பது மட்டுமே வேலை. ஒரு விசில் அவர் கழுத்தில். விசில் அடித்தால் கீழே இருப்பவர் கேள்வி கேட்காமல் ஏற வேண்டும், மேஸ்திரி உட்பட. தவறாக அடித்தாலும் திட்டக் கூடாது. திட்டினால் அடுத்த முறை அடிக்க மாட்டார்.

இரவில் பள்ளத்தைச் சுற்றித் தடுப்பும் சிவப்பு விளக்கும். வெறும் ரிப்பன் கட்டினால் பைக்கில் வருபவர் கண்ணுக்குத் தெரியாது.

8. லோடு இறக்குவது

கேரள எல்லைக்குள் நம் இஷ்டத்துக்கு லாரியிலிருந்து சாமான் இறக்க முடியாது. பல இடங்களில் பதிவு பெற்ற சுமட்டுத் தொழிலாளர்கள் (சுமை ஏற்றி இறக்குபவர்கள்) இருப்பார்கள், கூலி விகிதமும் நிர்ணயித்திருக்கும். லோடு வரும் முன் பேசி, ரசீது வாங்குங்கள். வேலை செய்யாமல் பார்த்துக்கொண்டு நிற்பதற்குக் கேட்கும் நோக்குகூலி 2018 மே 1 முதல் தடை செய்யப்பட்டது. அதைக் கேட்டால் தொழிலாளர் அலுவலகத்துக்கோ போலீசுக்கோ போகலாம்.

இதைப் பாதுகாப்புக் கட்டுரையில் ஏன் சொல்கிறேன் என்றால், யூனியன்காரர்கள் கண்ணில் படாமல் விடிகாலை நான்கு மணிக்கு இருட்டில் குழாய் இறக்கி விரலையும் காலையும் நசுக்கிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். 300 மில்லிமீட்டர் ஹியூம் பைப் (கான்கிரீட் குழாய்), என்பி3 ரகம், இரண்டரை மீட்டர் நீளத்தில் கால் டன்னுக்கும் மேல் எடை. உருள ஆரம்பித்தால் கையால் நிறுத்த முடியாது. இறக்கிய உடனே இரு பக்கமும் ஆப்பு வையுங்கள், பள்ளத்துக்கு இணையாக அடுக்காதீர்கள்.

பள்ளத்தில் இறக்கும்போது இரண்டு இடத்தில் பெல்ட் போட்டு, குழாய் அடியில் அமர்ந்தபின்தான் ஆள் இறங்க வேண்டும். தொங்கும் குழாயை அடியில் நின்று கையால் வாங்குவது நம்மிடம் உள்ள கெட்ட பழக்கம்.

9. பழைய மேன்ஹோலில் இணைப்பது

புதுக் குழாய் வேலையில் மண்ணுக்கு அடுத்தபடியாக உயிர் போவது இங்கே. கடைசி நாள், கடைசி இரண்டு மீட்டர், பில் போட அவசரம், ஓடிக்கொண்டிருக்கும் பழைய சாக்கடையோடு இணைக்க வேண்டும்.

முதலில் சட்டம். ஓடும் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ பாதுகாப்பு இல்லாமல் சுத்தம் செய்ய மனிதரை இறக்குவது, மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டுவரை சிறை, இரண்டு லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடையில் இறந்தால் 30 லட்சம் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது. "அடைப்ப மட்டும் எடுத்துட்டு கனெக்சன் குடு" என்று யாராவது சொன்னால், அடைப்பு எடுப்பது உங்கள் வேலை இல்லை. எந்திரத்தைக் கூப்பிடச் சொல்லுங்கள். மேன்ஹோலுக்குள் ஆளுக்குப் பதில் இறங்கும் பாண்டிகூட் எந்திரம் திருவனந்தபுரத்தில் பிறந்ததுதான்.

உள்ளே இருப்பது ஹைட்ரஜன் சல்ஃபைடு, மீத்தேன், ஆக்சிஜன் குறைந்த காற்று. ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "இப்ப நாத்தம் இல்லண்ணே, போயிருச்சு" என்று ஒருவன் சொல்லும் நொடிதான் மிக ஆபத்தான நொடி. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் பழைய வழக்கம் மீத்தேன் இருந்தால் வெடிக்கும்.

முடிந்தவரை உள்ளே இறங்காமல் இணையுங்கள். வெளியிலிருந்து மேன்ஹோல் சுவரைத் துளைத்துக் குழாயைச் செலுத்தலாம். கழிவு வரும் மேல்பக்கக் குழாயில் காற்றடைத்த அடைப்பானைப் போட்டு, வரும் கழிவை பம்ப் வைத்துத் தாண்டவிடலாம். இறங்கியே ஆக வேண்டும் என்றால் துறையின் பொறியாளர் நேரில் நிற்க வேண்டும், எழுத்தில் அனுமதி வேண்டும். அந்த வரிசையில் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமுமாக ஐந்தாறு மேன்ஹோல் மூடிகளை இரண்டு மூன்று மணி நேரம் திறந்து வையுங்கள். நான்கு வகை வாயுவையும் அளக்கும் ஒரே மீட்டரைக் கயிற்றில் கட்டி மேலே, நடுவே, அடியில் என மூன்று மட்டத்திலும் பாருங்கள். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே, ஹைட்ரஜன் சல்ஃபைடு 10 பிபிஎம்முக்கு மேலே என்றால் இறங்கக் கூடாது. நான் விலை கேட்டபோது மீட்டர் முப்பதாயிரத்துக்கு மேல் சொன்னார்கள். எனக்கு வாடகைக்குத்தான் கட்டுப்படியானது. லெட் அசிடேட் காகிதத்தை நனைத்து இறக்கிப் பார்ப்பது மலிவான துணைச் சோதனை. ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தால் கறுக்கும். மற்ற வாயுவை அது காட்டாது, ஆகவே மீட்டருக்கு மாற்றாக நினைக்க வேண்டாம்.

இறங்குபவர் உடம்பில் முழு பெல்ட், கயிறு, மேலே முக்காலியும் கப்பியும். தோளைப் பிடித்து யாராலும் தூக்க முடியாது.

பலருக்குத் தெரியாத பொறி இது: பழையதோடு இணைத்த நிமிடமே, நேற்றுவரை சுத்தமாக இருந்த உங்கள் புது வரிசைக்குள் அந்த வாயு ஏறிவிடும். இரண்டு மேன்ஹோல் தள்ளி அடித்தளம் பூசிக்கொண்டிருக்கும் கொத்தனாருக்கு அது தெரியாது. எனவே புது வரிசையில் உள்வேலை எல்லாம் முடிந்தபின் இணைப்பைக் கொடுங்கள். அதுவரை குழாயின் வாயில் அடைப்பான் இருக்கட்டும்.

ஒருவர் விழுந்தால் இன்னொருவர் குதிக்கக் கூடாது. 2015-இல் கோழிக்கோட்டில் மேன்ஹோலில் சிக்கிய இரண்டு தொழிலாளர்களைக் காப்பாற்ற இறங்கிய ஒரு ஆட்டோ ஓட்டுநரும் அவர்களோடு இறந்தார். கயிறு கட்டியிருந்தால் மேலிருந்தே இழுக்கலாம். அதற்குத்தான் கயிறு.

10. தண்ணீரும் கரண்டும்

டீசல் பம்பைப் பள்ளத்துக்குள் இறக்காதீர்கள், புகை அடியிலேயே தங்கும். மின் பம்ப் என்றால் 30 மில்லிஆம்பியர் கசிவு தடுப்பான் கட்டாயம். ஒட்டுப்போட்ட ஒயர் தண்ணீரில் கிடக்கக் கூடாது.

மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல். சேற்றில் நிற்பவர்களுக்கு வாரம் ஒருமுறை டாக்சிசைக்ளின் 200 மில்லிகிராம் எடுக்கச் சொல்லிக் கேரள சுகாதாரத் துறை ஒவ்வொரு மழைக்கும் அறிவிக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், டாக்டர் பார்த்துத் தருவார். காலில் புண் இருப்பவரை அன்று மேலே வேலைக்குப் போடுங்கள். காய்ச்சல் வந்தால் "சாக்கடை வேலை பார்த்தேன்" என்பதை டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டும்.

11. சரிந்துவிட்டால்

112-க்கு அழையுங்கள். நேராகத் தீயணைப்பு என்றால் 101, ஆம்புலன்ஸ் 108. இரண்டு மாநிலத்திலும் இதே எண்கள்தான். ஆனால் எல்லைப் பக்கத்தில் செல்போன் டவர் அடுத்த மாநிலத்துக்குத் தாவும், அழைப்பு அங்கே போய் நிற்கும். "கேரளத்தில் இருக்கிறோம், இன்ன பஞ்சாயத்து, இன்ன சந்திப்பு" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். பக்கத்துத் தீயணைப்பு நிலையத்தின் நேரடி எண்ணை வேலை தொடங்கும் நாளே எல்லார் போனிலும் ஏற்றிவிடுங்கள்.

எல்லாரும் விளிம்பை விட்டுத் தள்ளி நில்லுங்கள், இரண்டாவது சரிவு வரும். ஜேசிபி வாளியால் தோண்டாதீர்கள். முட்டு கொடுத்து, கையால், முகத்தையும் நெஞ்சையும் முதலில் விடுவிக்க வேண்டும். கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. எவ்வளவு நேரம் அழுந்திக் கிடந்தார் என்பதைக் கடிகாரம் பார்த்துக் குறித்து டாக்டரிடம் சொல்லுங்கள். நெடுநேரம் நசுங்கிய கால் விடுபட்டதும் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். "நல்லாத்தான் இருக்கேன்" என்று எழுந்து நடந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும்.

பிறகு தாள். ஆஸ்பத்திரியில் 'பைக்கிலிருந்து விழுந்தான்' என்று எழுதச் சொல்லி யாராவது உங்களை நெருக்குவார்கள். எங்களையும் நெருக்கினார்கள். அந்த ஒரு வரி எழுதப்பட்டால் பாலிசியும் இல்லை, இழப்பீடும் இல்லை. வேலையிடத்தில் பள்ளம் சரிந்தது என்றே பதிவாக வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அன்றே போனிலும் மெயிலிலும் சொல்லுங்கள். இஎஸ்ஐ ஆள் என்றால் 24 மணி நேரத்துக்குள் விபத்து அறிக்கை. பள்ளத்தை மூடும் முன் நான்கு பக்கமும் புகைப்படம். அன்றைய வருகைப் பதிவேட்டை ஜெராக்ஸ் எடுத்து வேறு இடத்தில் வையுங்கள்.

கேரளப் போலீஸ் எஃப்ஐஆரும் மகஸரும் (சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் குறிப்பு) மலையாளத்தில் இருக்கும். நாகர்கோவில் அலுவலகத்தில் அதை வாங்கிப் பார்த்துவிட்டு மொழிபெயர்ப்பு கேட்டார்கள். களியக்காவிளையில் பாதிப் பேருக்கு மலையாளம் படிக்கத் தெரியும், ஆனால் நோட்டரி முத்திரையோடு வேண்டுமாம். எனக்கு அதற்கு மட்டும் மூன்று வாரம் போனது. எஃப்ஐஆர் கிடைத்த நாளே மொழிபெயர்க்கக் கொடுத்துவிடுங்கள், கம்பெனி கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். காயச் சான்றிதழுக்கும் அதோடு சேர்த்தே எழுதிக் கொடுங்கள். அது வர எஃப்ஐஆரைவிட நாள் பிடிக்கும்.